விட்டுப்போன உறுப்பு

மார்ச் 4, செவ்வாய்
கட்டுரை இதழுக்குப் போய் ஒன்பது நாள். எழுதியவர்கள் நானும் என் கணவனும். மாமியார் போனில், "அது என்னம்மா சூப்பர்பொட்டென்ஷியல்?" என்றார். "ஒரே ஒரு கணக்குச் சார்பு, அத்தை. துகளோட எடை, ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பழகும், எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும்."
"அப்ப நம்ம வீட்டுல என்னை மாதிரி."

மார்ச் 6
என்னமோ உறுத்துகிறது. அந்தச் சார்பின் சரிவு ஏதாவது ஓரிடத்தில் எல்லாத் திசையிலும் பூஜ்யமானால் ஆற்றலும் பூஜ்யம், துகள்களை ஜோடி ஜோடியாக இணைக்கும் சூப்பர்சிமெட்ரி உடையாது. அப்படி இடமே இல்லை, ஆகவே உடைகிறது. இதுதான் எங்கள் முடிவு. ஆனால் சார்பை எழுதும்போது அதில் சேரவேண்டிய ஒரு மும்மடி உறுப்பை விட்டிருக்கிறோம். எந்தச் சமச்சீர்மையும் அதைத் தடுக்கவில்லை. தடுக்காததை எப்படி விட்டோம்? நானா, அவனா?

மார்ச் 7
அந்த உறுப்பைச் சேர்த்துக் கணக்கைப் போட்டேன். ஓரிடத்தில் பூஜ்யம் வருகிறது. அப்படியானால் எங்கள் முடிவு தப்பு.

மார்ச் 8
மறுபடியும் வருகிறது. குறி ஏதும் மாறிப்போச்சா? இல்லை.
புதன்கிழமை அவனுக்கு நிரந்தர வேலைக்கான நேர்முகம். இந்த முடிவைத்தான் பேசப்போகிறான். ஆறு வருஷமா தற்காலிக வேலை. இப்ப சொன்னா நொறுங்கிடுவான். சொல்லாட்டி? முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

மார்ச் 9
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவனிடம் தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தான்.
"எப்பத் தெரியும்?"
"வெள்ளிக்கிழமை."
"ரெண்டு நாளா என்கூட உக்காந்து சாப்பிட்டியே."
கோபம் எதன்மேல் — கணக்கின் மேலா, என் மேலா?

மார்ச் 11
என் தாளில் தப்பு தேடுகிறான். கிடைத்துவிடாதா என்று நானும் ஏங்குகிறேன். இது என்ன மனசு!

மார்ச் 12
நேர்முகம் முடிந்து மாலை போன் செய்தான். பலகையில் முதலில் அந்த உறுப்பைத்தான் எழுதினானாம். "இதை விட்டுட்டோம். கண்டுபிடிச்சது என் மனைவி. எங்க முடிவு நிக்காது."
"அப்புறம்?"
"அப்புறம் டீ குடுத்தாங்க."

ஏப்ரல் 3
வேலை வேறொருவருக்கு. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டோம். நான் நேர்முகம் முடியும்வரை பொறுத்திருக்கணுமோ? இன்னும் தெரியவில்லை. அவனிடம் கேட்க வாய் வரவில்லை.

ஏப்ரல் 5
காலையில் என் மேஜைப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டான். "அந்தப் பூஜ்யம் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாத்தியா?"
பார்க்கவில்லை. மதியம்வரை இருவரும் பார்த்தோம். ரொம்பத் தூரம். அங்கே போய்ச் சேர யுகங்கள் ஆகும்; அதுவரை நாங்கள் கணக்குப் போட்ட இடத்தில் சூப்பர்சிமெட்ரி உடைந்தேதான் இருக்கும்.