வலது கையால் மூன்றாவது பாதை

ஆக. 11, திங்கள்
புழுக்கம். காலையிலிருந்து கரண்ட் இல்லை, சாயங்காலம்தான் வந்தது. ஒரத்தநாட்டில் ஸ்கேன் மெஷின் சர்வீஸ். அம்புக்குறியை நகர்த்தும் பந்து, டிராக்பால், அதில் ஜெல் காய்ந்து உருளவே இல்லை. புதிது மாட்டினேன். பழையதைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அப்பாவுக்கு. பங்குனியில் பக்கவாதம், வலது கை இன்னும் வரவில்லை. பிசியோ கொடுத்த ரப்பர் பந்தைத் தொடமாட்டார். "நான் என்ன கைக்குழந்தையா?"

டிராக்பாலைக் கம்ப்யூட்டரில் இணைத்து, பழைய ஆர்கேட் விளையாட்டு ஒன்றை ஏற்றினேன். ஒவ்வொரு பாதையிலும் சரிவு, திருப்பம், ஒடுக்கம். நேரம் முடிவதற்குள் கோலிக்குண்டை எல்லை வரை உருட்ட வேண்டும். விளிம்பு தாண்டினால் விழுந்து நொறுங்கும். அப்பாவுக்கு விழுந்துகொண்டே இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

ஆக. 18, திங்கள்
பக்கத்து வயல் செல்வம் அண்ணன் போன். நம் பத்து மா நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார். சம்பாவுக்கு நாற்று விட வேண்டுமாம், ஞாயிறு வந்து முடிவு கேட்பாராம்.

அப்பாவிடம் நேராகச் சொன்னேன்: உங்களால் மண்வெட்டி பிடிக்க முடியாது, எனக்கு லீவு கிடையாது, கொடுத்துவிடுவோம். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்பா திரையைக் காட்டினார். "மூணாவது பாதைய வலது கையால முடிச்சுக் காட்டுறேன். அப்புறம் குத்தகைப் பேச்சே எடுக்கக் கூடாது."

சரி என்றேன். முடியாது என்று தெரிந்துதான்.

ஆக. 20, புதன்
மழை. வாங்க: மெஷின் துடைக்க ஐசோபுரொபைல், துவரம்பருப்பு, அப்பா மாத்திரை.

இரண்டாவது பாதையை முடித்துவிட்டாராம். ஸ்கோரும் இருக்கிறது. நடுவில் ஒரு கறுப்புக் குண்டு வந்து இடித்துத் தள்ளும். "வரப்பை வெட்டுற பய மாதிரியே ஒரசுறான் பாரு," என்கிறார். என் முன்னால் ஆடச் சொன்னேன். கை அசந்துவிட்டதாம்.

ஆக. 22, வெள்ளி
மூன்றாவதும் முடிந்ததாம். பிசியோவுக்கு போன். இவ்வளவு சீக்கிரம் வராதுங்க என்றார். எரிந்து விழுந்தேன். செல்வம் அண்ணனிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். சந்தோஷம்தான் போல. அசதியில் சரியாகத் தெரியவில்லை.

ஆக. 23, சனி
வண்டி மெக்கானிக்கிடம். மதியமே பஸ்ஸில் வந்துவிட்டேன், அதனால் வண்டிச் சத்தம் கேட்கவில்லை அப்பாவுக்கு. ஜன்னல் வழியே பார்த்தேன். இடது கை உருட்டுகிறது. வ.கை மடியில், துண்டுக்கு அடியில். நன்றாகவே ஆடினார்.

தெருவுக்குத் திரும்பிப் போய், அம்மா தண்ணி என்று கத்திக்கொண்டே நுழைந்தேன். அதற்குள் வ.கை பந்தின் மேல்.

சாப்பிடவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். டிராக்பாலை மேசையின் வலது ஓரத்தில், சுவரை ஒட்டி முடுக்கினேன். இ.கை எட்டாது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாத்துட்டியா?"

"ம்."

ஆக. 24, ஞாயிறு
மேகமூட்டம். காலையிலிருந்து வ.கை. முதல் சரிவிலேயே விழுகிறது. மறுபடி. மறுபடி. விரல் நுனி மட்டும் நகர்கிறது. சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன், அம்மா முறைத்தாள்.

செல்வம் அண்ணன் வந்தார். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சம்பாவுக்கு மட்டும் நீ பாத்துக்க, செல்வம். குறுவைக்கு நான் எறங்கிருவேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு போகம்தான் என்றேன்.

குண்டு விழுந்தது. "வைடா இன்னொண்ணு," என்றார் அப்பா.