என்னைக் கட்டிக்கொடுத்த மாமியாருக்கு

என் அன்பு அத்தைக்கு,

இங்கே காந்தலூரில் பூண்டு பிடுங்கிக் காயப்போட்டாகிவிட்டது. இந்த முறை பல் நன்றாகப் பெருத்திருக்கிறது. கடைசியாகப் பேசிய அன்று, "பூண்டு எப்படி அம்மிணி?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லும் முன்பே தூங்கிப்போனீர்கள். அதனால் அதை முதலில் சொல்லிவிட்டேன்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. எண்பத்தாறு வயதுவரை நிமிர்ந்து நடந்த உங்களைத் தூக்கிச் செல்லும்போது, தோள்கொடுத்த என் கணவரைப் பார்த்து வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார்: "நீங்க அம்மாவுக்கு என்ன முறைங்க?"

இவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மாப்பிள்ளைங்க" என்றார்.

மருமகளின் கணவர், மாமியார் பெற்ற மகனாக இல்லாதபோது, அவருக்கு வேறு என்ன முறைப்பெயர் இருக்கிறது? ஊருக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிப்பவர்களுக்குத் தெரியாதே. அவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் உங்கள் தோட்டத்து வீட்டுக்கு நான் மருமகளாக வந்து மூன்றே வருடம். உங்கள் ஒரே மகன், என் முதல் கணவர், சாலை விபத்தில் போய்விட்டார். எனக்கு இருபத்து நான்கு வயது, நந்தினிக்கு இரண்டு. வருடம் திரும்பியதும் என் அப்பா என்னை அழைத்துப்போக வந்தார். உங்கள் கொழுந்தனாரோ, நான் அங்கேயேதான் இருக்க வேண்டும் என்றார். இருவரும் வாசலில் வாதாடிக்கொண்டிருக்க, நீங்கள் உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தீர்கள்.

"ஏனம்மிணி, உனக்கு என்ன வேணும்?"

எனக்கு அழுகைதான் வந்தது. நீங்கள் காத்திருந்தீர்கள்.

"எனக்கு முப்பத்திரண்டு வயசுல இந்த ஊட்டுக்காரரு போனாரு. அப்ப ஆருமே எங்கிட்ட இதக் கேக்கல. கேட்டிருந்தா இங்கயேதான் இருந்திருப்பனோ என்னமோ. ஆனா கேக்கல."

மறுபடி வாழ வேண்டும் என்று அன்று சொன்னேன். சொன்ன வாயை நானே பொத்திக்கொண்டேன். நீங்கள் என் கையை விலக்கிவிட்டு, "செரி" என்றீர்கள்.

உங்கள் கொழுந்தனார் குதித்தார். "அண்ணி, ஊட்டு மருமவள நாமளே வெளிய கட்டிக்குடுத்தா ஊரு என்ன பேசும்? நம்ம பேத்தி இன்னொருத்தன் ஊட்டுல வளரோணுமா?"

நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த உங்கள் கை நிற்கவில்லை. "செத்தவன் நான் பெத்த பையன் தம்பி. எனக்கில்லாத விசனம் ஊருக்கு எதுக்கு?"

அதுவரை பழனியைத் தாண்டிப் போகாதவர் நீங்கள். காந்தலூரில் இருந்த உங்கள் சித்தி மகள் ஒரு வரன் சொன்னதும், பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறித் தனியாகவே மலையேறிவிட்டீர்கள். அங்கே நடந்ததை, அந்த வரனான இவர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

"என்ற மருமவளுக்கு மாப்பிள்ள பாக்க வந்திருக்கறனுங்க."

வாய் தவறிச் சொல்கிறீர்கள் என்று நினைத்து இவருடைய அம்மா, "மகளுக்குங்களா?" என்றாராம்.

"இல்லீங்க, மருமவளுக்குத்தான். ஒரு பொம்பளப் புள்ளையும் இருக்குது. ரெண்டு பேரையும் சேத்துத்தான் குடுப்பேன்."

அப்புறம் இவரிடம் ஒரே ஒரு கேள்வி. "கொழந்த அழுதா ஆரு எந்திரிப்பீங்க?"

"மொதல்ல முழிக்கறவங்க" என்றிருக்கிறார். அந்த இடத்திலேயே நீங்கள் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டீர்கள்.

கணவனை இழந்தவர்கள் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்று கோவிலில் யாரோ முணுமுணுத்தார்கள். மணப்பெண்ணும் அப்படிப்பட்டவள்தான் என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இவர் கையில் வைத்தீர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மலைக்குப் புறப்பட்ட பஸ் நகர்ந்தபோது நந்தினி ஜன்னல் வழியாக "அப்பத்தா, அப்பத்தா" என்று கத்தினாள். நீங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. இவ்வளவு கல்நெஞ்சா என்று மனதுக்குள் திட்டினேன். மூன்று நாள் உங்கள் அடுப்பு எரியவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பற்றி உங்களிடம் நான் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை?

அதன்பிறகும் இருபத்தெட்டு வருடம் வாழ்ந்தீர்கள். கோடையானால் தேங்காய் மூட்டையோடு வந்து இறங்குவீர்கள். இவருக்குப் பிறந்த என் மகனையும் முதலில் குளிப்பாட்டியது நீங்கள்தான். எழுபது வயதில், கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்று அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, பாதி மலையாளம் பாதி தமிழில் பேசித் தண்ணீர் வந்த பிறகுதான் ஓய்ந்தீர்கள்.

இப்போது ஒரு சேதி. நந்தினி கிருஷி பவனில், அதுதான் வேளாண் அலுவலகத்தில், தன் வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கி, போன மாதம் முதல் உங்கள் வீட்டில் இருக்கிறாள். முப்பது தாண்டிய பெண் தனியாக இருக்கிறாளே, இன்னும் கட்டிக்கொடுக்கவில்லையா என்று சொந்தங்கள் என்னைத் துளைக்கிறார்கள். நானும் பயந்துபோய், போன வாரம் போனில் அவளை விரட்ட ஆரம்பித்தேன். பாதியில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நிறுத்திவிட்டு, "உனக்கு என்ன வேணும் சாமி?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: "தென்னைக்கு ஊடால ஜாதிக்கா வெக்கோணும்மா. கல்யாணத்தப் பத்தி நானே சொல்றேன். அதுவரைக்கும் கேக்கறவங்களுக்கெல்லாம் நீ பதில் சொல்லுவியா?"

சொல்கிறேன் என்றேன். உங்கள் கொழுந்தனார் வீட்டிலிருந்தே தொடங்கப்போகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் இவரும் மலையிறங்கி வருகிறோம். அவள் வாழ்க்கையை அவளைக் கேட்காமல் யாரும் முடிவு செய்ய விடமாட்டேன், அத்தை. என்னைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் மாப்பிள்ளையோடு காந்தலூரில் நன்றாக வாழும்
உங்கள் மருமகள் சரசு