யார் முதுகுக்கு இந்தப் பை

ஜூலை 4, சனி

காலையிலிருந்து காற்று. ஸ்ரீரங்கத்தில் வைதேகி வீட்டு மாடியில் டிஷ்ஷை வைத்தால் நிற்கவில்லை. நாலு செங்கல் முட்டுக்கொடுத்த பிறகு நெட் வந்தது. ராஜகோபுரம் இருக்கும் பக்கம் வைக்கக் கூடாது, வானம் மறைகிறது.

அடுத்த வாரம் ஞாயிறு பச்சமலையில் ஒரு குலதெய்வக் கோயில் கல்யாணம். அங்கே போன் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. பெண்ணின் அப்பா ஆபரேஷன் முடிந்து திருச்சி ஆஸ்பத்திரியில். தாலி கட்டுவதை அவர் கட்டிலிலிருந்தே பார்க்க வேண்டும். சாட்டிலைட் நெட்டை நம்பித்தான் நானும் வைதேகியும் நேரலை காட்ட ஒப்புக்கொண்டோம். ஜீப் பாதி வழி, பிறகு ஒற்றையடிப் பாதை. எனவே எல்லாமே முதுகில்.

உள்ளே போக வேண்டியவை: டிஷ். பேட்டரி (இதுதான் கனம்). படத்தை நெட்டில் ஏற்றும் பெட்டி. ஒயர்கள். மழை உறை.

சாயங்காலம் சின்னக்கடை வீதி. மலையேறுகிறவர்களின் நீளப் பையில் டிஷ் நுழைந்தது, ஆனால் மேல்பக்கம் மட்டும்தான் திறப்பு. பேட்டரியை எடுக்க மொத்தத்தையும் கொட்ட வேண்டும். லேப்டாப் பை, வாய்ப்பே இல்லை. சாப்பாடு டெலிவரி செய்கிறவர்களின் சதுரப் பையில் எல்லாம் அடங்கியது. ஆனால் அது சூட்டை வெளியே விடாமல் இருப்பதற்கென்றே தைத்த பை. பெட்டி அரை மணியில் அணைந்துவிடும்.

ஒரு விஷயம். ஒவ்வொரு பையையும் வைதேகிதான் மாட்டிப் பார்த்தாள். அவள் கேமரா. ஒயர், நெட், பெட்டி எல்லாம் நான். பையும் நான்தான் சுமக்கப்போகிறேன். அவள் என்னைவிட ஒரு சாண் உயரம்.

ஜூலை 5, ஞாயிறு

விடுமுறை என்று நினைத்தேன். வைதேகி போன். டிஷ்ஷை எப்படிப் பூட்டுவது என்று காட்ட வேண்டுமாம். எத்தனை முறை கூப்பிட்டும் ஒயர் பக்கமே வராதவள். இரண்டு தடவை செய்யச் சொல்லிப் போனில் படம் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்றாள்.

வைதேகி எதையும் சும்மா செய்து நான் பார்த்ததில்லை.

குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். வெயில், அறையில் ஏசி ரிப்பேர். தொழில் எப்படிப் போகிறது என்றெல்லாம் விசாரித்தார். வழக்கமில்லாத விசாரிப்பு. மீன் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 7, செவ்வாய்

கடைப் பை எதுவும் ஆகாது என்று முடிவு. அரியமங்கலத்தில் செல்வம் அண்ணனிடம் போனேன். சவுண்ட் சர்வீஸ்காரர்களின் ஸ்பீக்கருக்கு உறை தைக்கிறவர். புத்தகம் மாதிரி முழுதாகத் திறக்க வேண்டும், இரண்டு பக்கமும் வலைத்துணி, கனம் தோளில் ஏறாமல் இருக்க இடுப்புப் பட்டை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முதுகு அளவு எடுக்கச் சொன்னபோது டேப்பை எடுக்கவே இல்லை.

"அந்த அக்கா நேத்தே வந்து அளவு குடுத்துட்டுப் போயிட்டாங்களேங்க."

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். கணக்கு நேராகிறது. டிஷ் கற்றுக்கொண்டாள். பை அவள் அளவுக்கு. போன வாரம் நெட் கணக்கின் பாஸ்வேர்டும் கேட்டு வாங்கினாள். தில்லைநகர் ஸ்டூடியோக்காரர் ஒருவர் அவளோடு டீக்கடையில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் போனதும் பேச்சு நின்றது.

என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாள்.

ஜூலை 8, புதன்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று மெசேஜ். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். அற்பத்தனம்தான். மாற்றியதும் கொஞ்சம் நிம்மதி.

மாமி, அவருடைய அம்மா, பீரோ துடைத்துக்கொண்டிருந்தார். என் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் கேட்டாராம். இந்த வீட்டிலும் யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

ஜூலை 9, வியாழன்

வைதேகி பாலக்கரையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வெயிலில் ஸ்கூட்டி ஓட்டி வந்த முகம். மாமி தண்ணீர் கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, பாஸ்வேர்டை ஏன் மாற்றினேன் என்று கேட்டாள். அரியமங்கலத்தில் ஏன் அவள் அளவைக் கொடுத்தாள் என்று நான் கேட்டேன்.

டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"நீ போகப்போறதை உன் வாயாலயே சொல்லுவன்னு காத்திருந்தேன், நசீ."

எங்கே என்றேன். குவைத்துக்கு. என் வீட்டுக்காரர், அவளுக்கு அன்வர் அண்ணன், அவளுக்குப் போன் செய்தாராம். விசாவுக்குக் கொடுத்தாகிவிட்டது, அடுத்த மாதம் நசீமா இங்கே வந்துவிடுவாள், வேலையெல்லாம் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள், அவள் சங்கடப்படுவாள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்றாராம். ஸ்டூடியோக்காரரிடம் பேசியது என் இடத்துக்கு ஆள் தேடித்தான்.

அடுக்களையில் மாமி குழாயை நிறுத்திவிட்டார்.

எனக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். வைதேகி என்னையே பார்த்தாள். நம்பவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

ஜூலை 10, வெள்ளி

ஜும்மா முடிந்து அவர் அறைக்கு வந்த பிறகு போன் செய்தேன். முதலில் சிரித்தார், சர்ப்ரைஸ் என்றார். பிறகு சிரிக்கவில்லை. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டார். குரல் கம்மியது. கத்துவதற்கென்று சேர்த்துவைத்திருந்தது எதையும் கத்தவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னேன்.

"கேட்டா நீ வரலைன்னு சொல்லிடுவ. அதான் கேக்கல."

அதோடு லைன் போய்விட்டது. கட் ஆனதா, அவர் கட் செய்தாரா, தெரியாது.

ஜூலை 11, சனி

தூறல். பை தயார். நல்ல தையல், சாம்பல் நிறம், திறந்தால் எல்லாம் கைக்கு எட்டுகிறது. மாட்டிப் பார்த்தேன். இடுப்புப் பட்டை தொடையில் கிடந்தது. செல்வம் அண்ணன் என்னையும் வைதேகியையும் மாறி மாறிப் பார்த்தார். பை யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, ஆனால் கேள்வி அதுதான்.

வைதேகி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டையை ஏற்றி இறக்குகிற மாதிரி வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், இரண்டு பக்கிள் போதும் என்றார். வைதேகி திரும்பிப் பார்த்தாள். பையைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்தேன். மெஷின் ஓடத் தொடங்கியது. வழியில் புதுப் பாஸ்வேர்டை அவளுக்கு அனுப்பினேன்.

ஜூலை 12, ஞாயிறு

பச்சமலை. மேலே குளிர்ந்த காற்று. ஏறும்போது பாதி தூரம் நான், மீதி அவள். கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் டிஷ். கொஞ்சம் திணறிவிட்டு நெட் பிடித்தது. பெட்டி சுட்டது, அணையவில்லை.

உறவுக்காரர்கள் எல்லோரும் மலையிலேயே. பார்க்கிறவர் ஆஸ்பத்திரியில் ஒருவர். இன்னொருவர் குவைத்தில், லிங்க்கை நான்தான் அனுப்பினேன், ஏன் அனுப்பினேன் என்று தெரியவில்லை. தாலி ஏறியதும் பெண் கேமராவுக்கு நேரே வந்து கும்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் எங்கள் நெட்டிலேயே வீடியோ கால் போட்டுக் காட்டினார். அப்பா கட்டிலிலிருந்தே கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். வைதேகி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேமராவை ஆடாமல் பிடித்திருந்தாள்.

அவர்கள் கட் செய்த பிறகும், பார்க்கிறவர் எண்ணிக்கை ஒன்று என்று திரையில் நின்றது. குவைத்தில் அவர், முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்தை முழுக்கப் பார்த்திருக்கிறார். கீழே ஒரு வரி வந்தது: நீ எங்க இருக்க, தெரியலையே.

வைதேகி படித்தாள். என்னைக் கேட்காமலேயே கேமராவை என் பக்கம் திருப்பினாள்.

முகத்தில் வேர்வை, தலைத்துணி காற்றில் அவிழ்ந்து கிடந்தது. ஒழுங்கு செய்யவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"இதோ, இங்கதான் இருக்கேன். விசாவை நிறுத்தி வைங்க. ஊருக்கு ஒரு தடவை வாங்க, பேசுவோம். வரேனா இல்லையான்னு நான்தான் சொல்லணும்."

சொல்லி முடித்த பிறகும் அவர் போகவில்லை. திரையில் அந்த ஒன்று அப்படியே இருந்தது, பேட்டரி தீரும்வரை.