மேட்டில் நழுவிய சங்கிலி

பாப்பாவின் அப்பாவுக்கு,

இப்படி நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? ராத்திரி நெஞ்சில் கைவைத்துப் பார்க்கிறீர்களா?

இங்கே நான் நலம். நேற்று ஆபீஸ் மேட்டில் கியர் மாற்றும்போது சைக்கிள் சங்கிலி நழுவிவிட்டது. முழங்கையில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான். புது சைக்கிளில் பின்னால் வந்த மேனேஜர் நின்று பார்த்தார்.

"இந்த அரதப் பழசு கியரை எந்தப் புண்ணியவான் பூட்டினான்? கண்ணை மூடிக்கிட்டுப் பூட்டியிருப்பான் போல."

"என் வீட்டுக்காரர்தான் சார்" என்றேன். அவர்கூட வந்த ஆபீஸ்காரர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

என்னைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அடுத்த மாதம் ஆபீஸ் சைக்கிள் பந்தயம் அதே மேட்டில்தான். அந்த ஆளை அங்கே மூச்சிரைக்க விட்டு முன்னால் போக வேண்டும். பிறகு, யார் பூட்டினது என்று மறுபடியும் கேட்கச் சொல்வேன். அதுவரை என் வயிற்றெரிச்சல் அடங்காது.

கியர், பிரேக், சங்கிலி எல்லாவற்றையும் புதுசாக மாற்றினால் நிச்சயம் முந்தலாம் என்கிறார் கடைக்காரர். தேய்ந்த சங்கிலியையும் பல்சக்கரத்தையும் மட்டும் மாற்றினால், மேட்டில் உத்தரவாதம் இல்லையாம். ஆனால் நீங்கள் பூட்டியதைக் கழற்றிப்போட்டு ஜெயித்தால், அந்த ஆள் சொன்னது சரியென்று ஆகிவிடாதா?

வண்டி துடைக்கத் துணியில்லை. பாப்பாவுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் சட்டையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

கண் சொருகுகிறது. பாப்பாவுக்கு என் முத்தம். கியரைக் கழற்றவா, வேண்டாமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.