யானை வரும் பாதை

இந்து அப்பாவுக்கு,

வாசுகி எழுதுவது. நாங்கள் சுகம். அந்த வெயிலில் வண்டி ஓட்டும் உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? போனில் இந்துவின் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் பொன்ராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே ஓவேலியில் மழை இன்னும் விடவில்லை. தேயிலைக் கொழுந்து நிறைய, அட்டைக்கடியும் நிறைய.

கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் தனியாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும் என்று காலேஜில் சொன்னார்கள். கூடப் படிப்பவர்கள் கூடலூர் டவுனுக்குள்ளேயே முடிகிற தலைப்பாக எடுத்தார்கள். இந்து மட்டும், நம் எஸ்டேட் லயத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் யானை எங்கே குறுக்கிடுகிறது என்று பார்க்கப்போவதாகச் சொன்னாள். காட்டைச் சுத்துறதுக்கா காலேஜு என்று நீங்கள்கூடக் கேட்டீர்கள்.

மரத்தில் கேமரா கட்டத்தான் முதலில் நினைத்தாள். வனத்துறையில் அனுமதி கிடைக்கவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கிடந்தாள். பிறகு அவளே எழுந்து, லயம் லயமாகப் போய், யானையை யார் எங்கே பார்த்தார்கள் என்று விசாரித்தாள். தினமும் விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு பாதையோரம் நடந்து யானை போட்ட லத்தி, கால்தடம், முறிந்த மூங்கில் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தாள். போன வருஷ ஆடி மழையில் தடம் அத்தனையும் அழிந்தது. மழை குறைந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

போன வாரம் காலேஜில் எல்லோர் முன்னாலும் விளக்கினாள். நானும் லீவு போட்டுப் போனேன். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், ஆட்கள் சொன்னதை எப்படி நம்புவது என்று கேட்டார். இவள் நிதானமாக, "சொன்னதை மட்டும் நம்பலைங்க சார். தடமும் இருந்தாத்தான் குறிச்சேன். ஒத்துவராத இடத்தைத் தெரியலைன்னே எழுதியிருக்கேன்" என்றாள். அவர் அந்தப் படத்தை இன்னொரு தரம் காட்டச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்களைக் கூட்டி அதையே சொன்னாள். ஓடைப் பக்கம் போகும் குறுக்குப்பாதையில்தான் யானை அடிக்கடி வருகிறதாம். சுற்றானாலும் பேக்டரி ரோடுதான் நல்லது என்று முடிவானது. பக்கத்து வீட்டுக் காத்தாயி மறுநாளே பிள்ளைகளை அந்த வழியாகக் கூட்டிப்போனாள். பின்னாலேயே மற்றப் பிள்ளைகளும் வரிசையாக இறங்கிப்போனார்கள்.

அந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். கல்யாணம் இப்போது வேண்டாம் என்று இவள் சொன்னதில் உங்களுக்குத் தலைகுனிவுதான், கோபமும்தான். படித்து முடிக்கிறேன் என்றுதானே கேட்டாள்? முடித்துவிட்டாள்.

காலேஜில் எடுத்த போட்டோவை உங்களுக்கு அனுப்பட்டுமா என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம், அப்பாவே போன் போட்டுக் கேட்பார் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள் நல்லதையே வேண்டும்,
வாசுகி