மூடியில்லாமல் வரும் பேனா

அத்தாரீன், அலெக்ஸாந்திரியா
புதன்கிழமை

அன்பு மகன் ஹாஸிமுக்கு,

உன் அம்மா இன்சாஃப் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஹாம்பர்க் குளிர் உன் நெஞ்சில் இறங்காமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். நாம் துடைப்பம் என்று சொல்லும் நவம்பர்ப் புயல் வழக்கம்போல வந்து கடற்கரைச் சாலையைக் கழுவிவிட்டுப் போயிற்று. நம் பேனாக் கடையின் பெயர்ப்பலகை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. வக்கீல்கள் குனிந்து வந்து பேனாவைக் கொடுத்துவிட்டுக் குனிந்தே போகிறார்கள். கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

கப்பலில் வேலை செய்யும் நம் வஹீத் இறங்கியதும் நேரே கடைக்கு வந்து உன் பொட்டலத்தைக் கொடுத்தான். உள்ளே அப்பாவின் பேனா, கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "அம்மா, அப்பாவின் பேனா எழுதவில்லை. சரிசெய்து அனுப்பவும்." அவ்வளவுதான். நான் ஷாகிரை மணந்துகொள்ளப் போகிறேன் என்று கோடைக்காலத்திலேயே உனக்கு எழுதினேன். திருமணப் பதிவாளர் ஷேக்கின் முன்னால், வழக்கப்படி வெள்ளைக் கைக்குட்டைக்கு அடியில் ஷாகிரின் கையைப் பிடிக்க என் பக்கத்திலிருந்து ஒரு கை வேண்டும், அது உன் கையாக இருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். அதற்கு ஆமாம் என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதென்று நகராட்சிக்குப் புகார் எழுதுகிறவன் மாதிரி எழுதியிருந்தாய்.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் பழுதான பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதிக நேரம் கோபமாக இருந்ததில்லை, அது உனக்கே தெரியும். உன் தாத்தாவின் கடையில் உட்கார்ந்த நாள் முதல் என் சுபாவம் அப்படி. வஹீதுக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, முன்மேசையில் துணியை விரித்தேன்.

முதலில் பச்சைத் தண்ணீரில் மூக்கு மட்டும் முழுகும்படி நிறுத்தி வைத்தேன். அவசரக்காரர்கள் வெந்நீரை ஊற்றுவார்கள், கறுப்பு ரப்பரெல்லாம் சாணி நிறத்துக்கு மாறிவிடும், பிறகு என்னிடம் வந்து அழுவார்கள். சாதாரணமாக அப்பாவின் பேனாவைத் தண்ணீரில் விட்டால் நீலம் புகைபோல இறங்கும். வெள்ளிக்கிழமை தோறும் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். நீதிமன்றத்தில் வாரமெல்லாம் எழுதிய களைப்பு அப்படியே கரைந்து போவதாக அவர் சொல்வார். இந்தத் தடவை நீலம் வரவில்லை. மஞ்சள் வந்தது.

பின்பக்கக் குமிழைத் திருப்பப் பார்த்தேன், அசையவில்லை. மையை இழுக்கும் பிஸ்டன் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வலுவில் திருப்பினால் பேனாவுக்குச் சாவுதான். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற விட்டு, அது தானாக இளகிய பிறகு நிப்பையும் அதற்கு அடியில் மையை இறக்கும் கட்டையையும் சேர்த்துப் பிடித்து, திருகாமல், நேராக இழுத்தேன். வந்துவிட்டது. கட்டையின் மெல்லிய பள்ளங்கள் முழுக்கப் பிசின். முகர்ந்து பார்த்தேன். பன்னீர்.

ஹாஸிம், ஊரில் எத்தனையோ பேர் பேனாவில் எதையெதையோ ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். துணிச் சாயம் ஊற்றிய பல் டாக்டரைப் பார்த்திருக்கிறேன். எழுத்தோவியக்காரரின் கரிமையை ஊற்றிய மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். ஆனால் குங்குமப்பூவும் பன்னீரும் பிசினும் சேர்த்துக் காய்ச்சிய மையை, இறைவசனத்தை ஓதி எழுதிக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிற அந்த மையை, தங்க நிப்புப் பேனாவில் ஊற்றிய முதல் ஆள் நீதான். அதுவும் இயந்திரப் பொறியாளர். வஹீத் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பேனாவுக்கு மஞ்சக்காமாலையா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே உன் தவ்லத் அத்தையின் நினைவு வந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம் மாடியிலிருந்து அத்தை இறங்கி வந்தாள். அப்பா போன பிறகு என்னைத் தேடி அவள் என் சமையலறைக்குள் வந்ததே அபூர்வம். கையில் ஒரு கூஜா நிறையச் செம்பருத்திச் சர்பத். நான் ஒரு டம்ளர் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். இன்னொன்று ஊற்றினாள், அதையும் குடித்தேன். பன்னீர் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. வயதானவள், கை தவறி ஊற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேனாவைத் துண்டு துண்டாக ஒரு தட்டில் வைத்து மாடிக்கு எடுத்துப் போனேன். தட்டை அவள் மடியில் வைத்தேன். முகர்ந்து பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது.

"நான் என்னத்தடி கண்டேன்? பெத்த புள்ள கையால எழுதினாத்தான் பலிக்கும்னு ஓதுறவ சொன்னா. மைய ஒரு சீசாவுல ஊத்தி அவனுக்கு அனுப்பினேன். நாணல்ல எழுதுடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அந்தக் குளிர் ஊருல நாணலுக்கு எங்க போவான் பாவம்? அப்பன் பேனாவுல ஊத்தி எழுதிட்டான்" என்றாள்.

எழுதிய தாளை நீ தபாலில் அனுப்பியதும், அவள் அதைத் தண்ணீரில் கரைத்துச் சர்பத்தில் கலந்ததும் மெல்ல மெல்ல வெளியே வந்தன. எதற்காக என்று கேட்டேன். உன் அம்மாவின் மனசு அந்த டிராம்கார ஷாகிரை விட்டு வீட்டுக்குத் திரும்பட்டும் என்றுதானாம். பிறகு அவளுக்கே ரோஷம் வந்துவிட்டது. "என் தம்பி படம் செவுத்துல தொங்குது. அதப் பாத்துக்கிட்டே இன்னொருத்தனுக்கு டீ போட்டுக் குடுப்பியா நீ?" என்று கேட்டாள்.

"குடுப்பேன் அண்ணி. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு சக்கரைதான்" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அழவும் செய்தாள். தம்பி போன துக்கம் அவளுக்கும்தானே. நானும் அவளோடு உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் கீழே வந்தேன்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ எழுதிய எழுத்து வீண்போகவில்லை. நான் தள்ளாடிக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. கோடையில் அவ்வளவு தைரியமாக உனக்கு எழுதினேனே தவிர, உன் பதில் வராத ஒவ்வொரு நாளும், வேண்டாம் என்று ஷாகிரிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அந்த மத்தியானம் சர்பத்தைக் குடித்துவிட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபோது மனசு அப்படியே நிலைகொண்டது. அன்று சாயங்காலமே திருமண நாளைக் குறித்துக்கொண்டோம். நீ மனத்தெளிவுக்குத்தானே எழுதினாய்? தெளிந்துவிட்டது. எந்தப் பக்கம் தெளிய வேண்டும் என்று இறைவனின் வசனத்துக்கு நாம் வழி சொல்ல முடியுமா?

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அப்பாவின் பேனாவால் எழுதினால் அப்பாவே சொல்வதுபோல இருக்கும் என்று நினைத்திருப்பாய். உன் அப்பாவை எனக்குத் தெரியும். வீட்டில் நான் தனியாக ரேடியோவோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அவரே எழுந்துபோய் ஷாகிரை அழைத்துக்கொண்டு வந்திருப்பார். தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை, மகனே. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

ஷாகிரைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வாழ்நாளெல்லாம் ரம்ல் டிராமை ஓட்டியவர். பேனா வைத்துக்கொள்ளும் பழக்கமே கிடையாது, காதில் ஒரு பென்சில், அதற்கும் முனை இருக்காது. உன்னிடம் என்ன சொல்ல என்று கேட்டதற்கு, "இத்தன வருஷம் வண்டி ஓட்டினேன், ஒரு நாளும் தண்டவாளத்த விட்டு எறங்கினதில்லன்னு எழுதுங்க. வேற என்னத்தச் சொல்லிக்க?" என்றார். இன்றுவரை அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஹாஸிம் அம்மா என்றுதான் அழைக்கிறார். திருமணத்துக்குப் பிறகும் அப்படித்தான் அழைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

சரி, பேனாவுக்கு வருகிறேன். கட்டையின் பள்ளங்களை மெல்லிய பல்துலக்கியால் தேய்த்தேன். நிப்பின் பிளவுக்குள் முடியளவு பித்தளைத் தகட்டை விட்டு ஒரு தடவை இழுத்தேன், மிச்சமிருந்த பிசினும் வந்துவிட்டது. பிஸ்டனுக்குக் கடுகளவு மசகு வைத்தேன். இப்போது குமிழ் வெண்ணெயில் கத்தி போவதுபோலத் திரும்புகிறது. நிப்பையும் கட்டையையும் பொருத்தி, பூதக்கண்ணாடியில் இரண்டு நுனிகளும் சமமாக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நீல மையில் தொட்டு எழுதிப் பார்த்தேன். என் பெயரை எழுதினேன். அடுத்து உன் அப்பாவின் பெயர், உன் பெயர், ஷாகிரின் பெயர். நான்கும் ஒரே சீராக வந்தன. எங்கும் திக்கவில்லை.

இனிமேலாவது இதைக் கவனித்துக்கொள். பல நாள் எழுதாமல் வைப்பதாக இருந்தால் மையை வெளியே தள்ளித் தண்ணீரால் கழுவி வை. மை நிரப்பியிருக்கும்போது மூக்கு மேலே பார்த்தபடி நிற்கட்டும். யாருக்கும் இரவல் கொடுக்காதே, ஒவ்வொருவர் கைக்கும் ஒரு சாய்வு உண்டு. அத்தை இன்னொரு சீசா அனுப்பினால் அதைச் சோற்றில் போட்டுக்கொள், குங்குமப்பூ நல்ல சரக்கு.

திருமணம் ஜனவரியில், வருடந்தோறும் அப்போது வரும் பெரும்புயல் ஓய்ந்த அடுத்த வெள்ளிக்கிழமை. நான் விவரம் தெரிந்த விதவை, என் பேச்சை நானே பேசலாம் என்று பதிவாளர் ஷேக் சொல்லிவிட்டார். தெருவில் கை கொடுக்க ஆளுக்கும் பஞ்சமில்லை. மீன்காரரே முன்வந்துவிட்டார், பாவம், நல்ல மனுஷன், ஆனால் கைக்குட்டை நாறும். உன் அத்தைகூட, வருகிறவர்களுக்குச் சர்பத் தானே செய்வதாகச் சொல்லிவிட்டாள். சர்க்கரையைத் தவிர வேறொன்றும் போடமாட்டாளாம்.

வஹீத் நாளை கப்பலேறுகிறான். பேனாவைக் கழுவித் துடைத்து, மை இல்லாமல், பல்துலக்கி வைக்கும் குழாயில் பஞ்சு வைத்து அவனிடம் கொடுத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்ததும் பதறாதே, மூடி தொலைந்துபோகவில்லை. அது இங்கே என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மூடியில்லாத பேனாவில் மை ஊற்றினால் காய்ந்துவிடும், அதனால் அங்கே ஊற்றாதே. மைப்புட்டியைத் திருமண மேசையில் வைத்திருப்பேன். பேனாவைக் கொண்டுவந்து நிரப்பிக் கொடு, அந்தப் பேனாவால்தான் கையெழுத்துப் போடுவேன்.

இறைவன் உன் பயணத்தை எளிதாக்கட்டும், மகனே. கைக்குட்டைக்கு அடியில் வேறு கையை வைக்க எனக்கு மனமில்லை.

உன் வரவை வாசலில் பார்த்திருக்கும்
அம்மா
இன்சாஃப்