மேல்வீட்டுச் செருப்புச் சத்தம்

உங்களுக்கும் அத்தைக்கும் வணக்கம். அத்தையின் முட்டிவலி தேவலையா? நான் சுகம்தான்.

இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்து, என் மேல்வீட்டில் தனியாக இருந்த நம் ஊர் வெல்டர் அண்ணன், நெஞ்சுவலியோடு நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "தும்மல்கூட வராத உடம்பு" என்று, ஓய்வு பெற்றதுமே கூடுதல் இன்சூரன்ஸை நிறுத்திவிட்டவர். அரசாங்கம் பாதிச் செலவுதான் தரும் என்று கவுன்ட்டரில் இருந்த நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"லாட்ஜ்லகூட இவ்ளோ வாடகை இல்லியே தங்கச்சி" என்று சிரித்துவிட்டு, கட்டிலை விட்டு இறங்கி வீட்டுக்கே போய்விட்டார். நேற்று அடக்கம் செய்தோம். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் இந்த நாட்டிலேயே தங்கிவிடலாம் என்பீர்களே, அந்தப் பேச்சு இனி வேண்டாம். என் பிரஷர் மாத்திரையை அனுப்புங்கள். போனில் பேசும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தபடியே பேசுங்கள். மேலே அவர் நடக்கும் சத்தமே இல்லை.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மனைவி